பழைய ஆய்வேடுகளைக் கழிப்பதற்கு முன்

ஜனவரி 6. வாசகர் கேள்வி

"எங்கள் நூலகத்தில் இரண்டு அலமாரி நிறையப் பழைய முனைவர் பட்ட ஆய்வேடுகள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முந்தையவை. இடம் போதவில்லை, எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றைக் கழிப்பது என்று பட்டியல் தரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. இலக்கியம், வரலாறு, மெய்யியல் ஆய்வேடுகள் எவ்வளவு பழையனவானாலும் படிக்கத் தகுந்தவை. இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆய்வேடுகள் ஐம்பது ஆண்டு கடந்தால் காலாவதி ஆனவை என்று நான் கருதுகிறேன். இந்தப் பிரிப்பு சரிதானா?"

ஜனவரி 6, இரவு. குறிப்பு 1

பாதி சரி என்றே முதலில் தோன்றுகிறது. அறிவியல் ஆய்வேட்டின் முடிவு நன்றாக இருந்தால் அது ஓரிரு ஆண்டுகளில் ஆய்விதழ்க் கட்டுரையாகிவிடும். கட்டுரை பாடநூலில் கரைந்துவிடும். அதன்பின் ஆய்வேட்டைத் தேடி வருபவர் அறிவியல் வரலாறு எழுதுபவராக மட்டுமே இருப்பார். ஐன்ஸ்டைன் 1905 இல் சூரிச் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரையைக் கரைத்தால் தண்ணீரின் பாகுத்தன்மை எவ்வளவு கூடுகிறது, கரைந்த சர்க்கரை எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்னும் இரண்டு அளவுகளிலிருந்து மூலக்கூறின் பருமனையும் அவகாட்ரோ எண்ணையும் (ஒரு மோல் பொருளில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை) அதில் அவர் கணக்கிட்டார். அவருக்குக் கிடைத்த விடை 2.1 × 10²³. இன்றைய மதிப்பு 6.022 × 10²³. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வந்திருக்கிறது. அந்த எண்ணுக்காக அந்த ஆய்வேட்டை யாரும் இன்று திறக்கப் போவதில்லை.

அப்படியானால் அறிவியல் அலமாரியைக் கழித்துவிடலாம் என்று எழுத வேண்டியதுதானே என்று கேட்டால், மனம் ஒப்பவில்லை. ஏன் என்பதை யோசித்து எழுதுகிறேன்.

ஜனவரி 7. குறிப்பு 2

நேற்று எழுதிய எடுத்துக்காட்டை அரைகுறையாக விட்டுவிட்டேன். முழுவதும் சொன்னால் அது எனக்கு எதிராகவே திரும்பும். 1906 இல் அந்த ஆய்வேடு ஆய்விதழில் வெளிவந்தபோது, சர்க்கரைக் கரைசலைப் பற்றிய மேம்பட்ட அளவுகளைக் கொண்டு அவர் மறுபடி கணக்கிட்டு 4.15 × 10²³ என்று திருத்தினார். அப்போதும் இடறல் தீரவில்லை. சில ஆண்டுகள் கழித்துப் பாரிஸில் ழான் பெரினின் ஆய்வகத்தில் பான்செலின் என்பவர் நுண்துகள் கலந்த நீர்மங்களின் பாகுத்தன்மையை அளந்து பார்த்தார். அளவு சூத்திரத்தோடு ஒத்துவரவில்லை. ஐன்ஸ்டைன் தம் கணக்கைத் தாமே சரிபார்த்தார், பிழை கண்ணில் படவில்லை. லுட்விக் ஹோப்ஃப் என்பவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னபோதுதான் இடையில் நேர்ந்த கணக்குச் சறுக்கல் அகப்பட்டது. கரைபொருளின் கன அளவுப் பங்கை ஒன்றால் பெருக்கியிருந்த இடத்தில் 2.5 ஆல் பெருக்க வேண்டும். 1911 இல் வெளியான திருத்தத்தில் அவகாட்ரோ எண் 6.56 × 10²³ ஆயிற்று.

எண் இரண்டு முறை மாறியது, வழிமுறை ஒருமுறைகூட மாறவில்லை. அந்த 2.5 இன்றும் துகள் மிதக்கும் நீர்மங்களைக் கையாள்பவர்கள் அன்றாடம் எடுத்தாளும் கெழு. ஆகவே "காலாவதி" என்ற சொல்லை ஆய்வேடு முழுவதற்கும் பொதுவாக ஒட்டுவது தவறு. எந்தப் பக்கம் காலாவதி ஆயிற்று என்று கேட்பதே பொருத்தம்.

(முதலில் அளித்த ஆய்வேடு மிகவும் சிறியது என்று திருப்பி அனுப்பப்பட்டதாகவும், அவர் ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்த்து மறுபடி அளித்ததும் ஏற்கப்பட்டதாகவும் ஒரு கதை உண்டு. பிற்காலத்தில் அவரே சிரித்துக்கொண்டு சொன்னது அது. ஆய்வு மாணவர்கள் எல்லோருக்கும் பிடித்த கதை. நெறியாளர்களுக்குப் பிடிக்காத கதை.)

ஜனவரி 9. குறிப்பு 3

நான் நன்னீர் ஏரிகளைப் பற்றி ஆய்வு செய்து பட்டம் பெற்றவன். முதல் ஆண்டு முழுவதும் எனக்கு முன்பே அதே ஏரியில் வேலை பார்த்த ஒருவரின் ஆய்வேடுதான் எனக்குத் துணை. அந்தப் பொருளை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தவர் கழிப்பதைப் பற்றி அவ்வளவு எளிதாகப் பேசமாட்டார் என்பதால் அதை விவரிக்கிறேன்.

துணி அட்டைக் கட்டு. உள்ளே வெங்காயத் தோல் போன்ற மெல்லிய தாள். ஒரு பக்கத்தைப் படிக்கும்போது அடுத்த பக்கத்தின் எழுத்து நிழலாகத் தெரியும், ஆகவே இடையில் ஒரு வெள்ளைத் தாளைச் செருகிக்கொண்டுதான் படித்தேன். தட்டச்சுப் பொறியில் கார்பன் வைத்து எடுத்த நகல்களில் நான்காவதோ ஐந்தாவதோ இருக்க வேண்டும். எழுத்துகளின் விளிம்பு பஞ்சுபோல் விரிந்து, வட்டமான எழுத்துகளின் வயிறு அடைபட்டிருந்தது. தட்டச்சில் இல்லாத கிரேக்க எழுத்துகளுக்கு இடம் விட்டுப் பேனாவால் எழுதியிருந்தார்கள். வரைபடங்கள் கறுப்பு மையில் கையால் வரைந்தவை. ஒட்டியிருந்த ஒளிப்படங்களில் மூன்று கழன்று விழுந்து, அவை இருந்த இடத்தில் பசையின் பழுப்புச் சதுரம் மட்டும் மிஞ்சியிருந்தது. கீழே "படம் 14, வடகரையிலிருந்து" என்ற வரி, எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று தெரியாதபடி நின்றது.

அந்த ஆய்வேட்டிலிருந்து வெளிவந்த கட்டுரை எட்டுப் பக்கம். ஆய்வேடு 212 பக்கம். மீதமுள்ள பக்கங்களில் என்ன இருந்தது என்றால், இரண்டு ஆண்டுகள் வாரந்தோறும் எடுத்த வெப்பநிலை, உயிர்வளி, மிதவை உயிரிகளின் எண்ணிக்கை. கட்டுரையில் சராசரிகள் மட்டும் வந்தன. அந்த ஆண்டுகளின் ஏரியை யாரும் திரும்பப் போய் அளக்க முடியாது. அன்றைய கோட்பாட்டு விளக்கம் எனக்கு ஒரு வரிகூடப் பயன்படவில்லை. பின்னிணைப்பு இல்லாமல் என் ஆய்வே இல்லை.

அந்தப் பின்னிணைப்பு எனக்குச் செய்த இன்னொரு காரியம் இருக்கிறது. அதைச் சொல்ல இன்னும் கொஞ்சம் துணிவு வேண்டும்.

ஜனவரி 10. குறிப்பு 4

"எல்லா ஆய்வேடும் ஐன்ஸ்டைனுடையது அல்லவே, தவறான கருத்தைக் கொண்ட ஆய்வேட்டை என்ன செய்வது?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ் 1735 இல் நெதர்லாந்தின் ஹார்டர்வைக் பல்கலைக்கழகத்தில் மருத்துவ முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வேட்டைச் சுவீடனிலேயே எழுதி எடுத்துச் சென்றிருந்தார். ஊருக்கு வந்து, தேர்வை முடித்து, பட்டத்தோடு கிளம்ப ஏறத்தாழ ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. முறைக்காய்ச்சலுக்கு, அதாவது மலேரியாவைப் போல விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு, காரணம் என்ன என்பது ஆய்வுப் பொருள். களிமண் நிலங்களில் தண்ணீரோடு உடலுக்குள் போகும் களிமண் துகள்களே காரணம் என்பது அவர் முடிவு. முழுக்கத் தவறு. மலேரியாவின் ஒட்டுண்ணியை லாவெரான் இரத்தத்தில் கண்டது 1880 இல், கொசுவின் பங்கை ராஸ் காட்டியது 1897 இல்.

ஆனால் களிமண் நிலம் உள்ள இடத்தில் காய்ச்சல் மிகுதி என்ற கவனிப்பு தனி, துகள்தான் காரணம் என்ற ஊகம் தனி. களிமண்ணில் தண்ணீர் இறங்காமல் தேங்கும். தேங்கிய நீரில் கொசு பெருகும். இந்த இணைப்பு என்னுடைய ஊகம்தான், அவர் எழுதியது அல்ல. ஆயினும் எங்கெங்கே காய்ச்சல் இருந்தது என்று ஒருவர் பார்த்து எழுதிய செய்தி, அவர் சொன்ன காரணம் பொய்த்தபின்னும் செய்தியாகவே நிற்கிறது.

ஜனவரி 10, சற்றுப் பின். குறிப்பு 5

லின்னேயஸ் பெயரை எடுத்ததால் ஒரு கிளைச் செய்தி. பேராசிரியரான பின் அவருடைய தலைமையில் 186 ஆய்வேடுகள் வாதிடப்பட்டன. அந்தக் கால வழக்கப்படி அவற்றில் பெரும்பாலானவற்றின் கருத்தும், பலவற்றில் வாசகமும், தலைமை தாங்கிய பேராசிரியருடையவை. மாணவர் அவையில் நின்று இலத்தீனில் காத்து வாதிட்டால் போதும். நெறியாளரே எழுதி மாணவர் கையெழுத்திடும் ஆய்வேடு என்றால் இன்று பழி. அன்று அதுவே முறை. அட்டையில் இருக்கும் பெயரை நம்பி நூலகப் பட்டியல் தயாரிப்பவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டு ஆய்வேடுகளில் வழுக்கி விழும் இடம் இதுதான்.

ஜனவரி 12. குறிப்பு 6

இப்போது கேள்வியின் மறுபாதி: கலைத்துறை ஆய்வேடுகள் காலாவதி ஆவதில்லையாம். இதைத்தான் நான் வன்மையாக மறுக்கிறேன். எழுபது ஆண்டுக்கு முந்தைய இலக்கிய ஆய்வேட்டின் முதல் இயலை எடுத்துப் படித்துப் பாருங்கள். "கவிஞரின் ஆளுமை" என்று தொடங்கும். அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த உளவியலோ சமூகவியலோ அப்படியே இறக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒரு வேதியியல் ஆய்வேட்டின் பழைய கருதுகோள்கூட அவ்வளவு மூப்படைந்து தெரிவதில்லை. ஆனால் அதே ஆய்வேட்டின் கடைசியில் அந்தக் கவிஞர் எந்தெந்தச் சொல்லை எங்கெங்கே ஆண்டார் என்ற அகரவரிசை இருந்தால், அதற்காக அந்தக் கட்டை எத்தனை முறை அலமாரியிலிருந்து இறக்கியிருப்பார்கள் என்று முதுகுத் துணியின் தேய்மானமே சொல்லும்.

மில்மன் பாரி 1928 இல் பாரிஸில் அளித்த ஆய்வேடுகள் இதற்கு நல்ல சான்று. ஹோமரின் காவியங்களில் "விரைந்த காலுடைய அக்கிலீஸ்" போன்ற அடைமொழிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவை யாப்பின் எந்த இடத்தில் விழுகின்றன என்று பட்டியலிட்டார். பொருளுக்காக அன்றி, அடியில் எஞ்சிய இடத்துக்குப் பொருந்தும் அளவைக் கொண்டே அடைமொழி வருகிறது என்பதும், ஓர் இடத்துக்கு ஓர் அடைமொழி என்ற சிக்கனம் தனி ஒரு புலவரால் ஆக்கப்பட முடியாத அளவுக்கு முழுமையாக இருக்கிறது என்பதும் அந்தப் பட்டியல்களிலிருந்து தெரியவந்தன. ஆய்வேட்டில் அவர் கண்டது மரபு. வாய்மொழி என்னும் அடுத்த படிக்கு அதன் பிறகுதான் போனார். 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியாவில் பாடகர்களின் குரலை 3,500 க்கும் மேற்பட்ட அலுமினியத் தட்டுகளில் பதிவு செய்தார். 1935 இல், முப்பத்து மூன்று வயதில், இறந்தார். பிரெஞ்சில் இருந்த அந்த ஆய்வேடுகள் 1971 இல்தான் ஆங்கிலத்தில் கிடைத்தன. அதற்கு முன்பே க. கைலாசபதி பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனின் கீழ் செய்த முனைவர் பட்ட ஆய்வில் அந்த முறையைச் சங்கப் பாடல்களின் தொடர்கள்மீது பொருத்திப் பார்த்திருந்தார். அது 1968 இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. சங்கப் பாடல்கள் வாய்மொழிப் பாடல்களே என்ற அவர் முடிவை மறுத்தவர்கள் உண்டு. மறுத்தவர்களும் தொடர்கள் திரும்ப வரும் இடங்களை அவர் எடுத்துக்காட்டிய விதத்தோடு மல்லுக்கட்டித்தான் மறுக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே கலை, அறிவியல் என்று அலமாரியைக் குறுக்காக வெட்டாதீர்கள். வெட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு ஆய்வேட்டுக்கு உள்ளேயும்தான் வெட்ட முடியும்.

ஜனவரி 13. குறிப்பு 7

நேற்றைய கடைசி வாக்கியம் பேச்சுக்கு அழகாக இருக்கிறதே ஒழிய, பட்டியல் தர வேண்டியவருக்குப் பயன்படாது. ஆய்வேட்டைப் பாதியாகக் கிழித்துப் பின்னிணைப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றா சொல்கிறேன்? திரும்பப் பெறுகிறேன். கிழிக்காதீர்கள்.

ஜனவரி 15. குறிப்பு 8

நண்பர் ஒருவருக்கு எழுதிய தனி மடலில், மின்சுற்றுகளின் திறப்பையும் அடைப்பையும் தருக்க இயற்கணிதத்தால் விளக்கிய கிளாட் ஷானனின் "முனைவர் பட்ட ஆய்வேடு" என்று குறிப்பிட்டுவிட்டேன். அவர் உடனே திருத்தினார்: அது 1937 இல் எழுதிய முதுநிலைப் பட்ட ஆய்வேடு. முனைவர் பட்டத்துக்கு 1940 இல் அவர் எழுதியது மரபியலுக்கான ஓர் இயற்கணிதம். சரிதான். அந்த மரபியல் ஆய்வேட்டை அவர் ஆய்விதழில் வெளியிடவே இல்லை. 1993 இல் அவருடைய எழுத்துகளின் தொகுப்பில்தான் அது முதன்முறை அச்சேறியது. முதுநிலை ஆய்வேடு உலகை மாற்றியது, முனைவர் ஆய்வேடு அரை நூற்றாண்டு தூங்கியது. உங்கள் அலமாரியில் முதுநிலை ஆய்வேடுகள் இருந்தால் "அவை கணக்கில் இல்லை" என்று முதலிலேயே தள்ளிவிடாதீர்கள் என்பதற்காக என் பிழையை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 18. குறிப்பு 9

இத்தனை நாள் பேசியதில் எனக்கே முழுதாகத் தெளிவடையாமல் இருந்த ஒன்று, வானியலாளர் செசிலியா பெய்னின் ஆய்வேட்டை நினைத்தபோது தெளிந்தது.

1925 இல் ராட்கிளிஃப் கல்லூரியில் அவர் அளித்த ஆய்வேடு விண்மீன்களின் வளிமண்டலத்தைப் பற்றியது. விண்மீனின் நிறமாலையில் ஒரு தனிமத்தின் கோடு அழுத்தமாகத் தெரிந்தால் அந்தத் தனிமம் அங்கே மிகுதி என்று அதுவரை எண்ணிக்கொண்டிருந்தார்கள். மேகநாத் சாகாவின் அயனியாக்கச் சமன்பாடு, கோட்டின் அழுத்தத்தைத் தீர்மானிப்பதில் வெப்பநிலைக்குப் பெரும்பங்கு உண்டு என்று காட்டியிருந்தது. பெய்ன் அந்தச் சமன்பாட்டை ஹார்வர்டு வானாய்வகத்தில் சேர்ந்திருந்த நிறமாலைத் தட்டுகள்மீது பொறுமையாகப் பொருத்தினார். தனிமம் தனிமமாக விகிதம் கண்டார். சிலிக்கான், இரும்பு முதலியவற்றின் விகிதங்கள் பூமியில் உள்ளவற்றோடு ஒத்தே வந்தன. ஹைட்ரஜனும் ஹீலியமும் மட்டும் ஒத்துவரவில்லை; ஹைட்ரஜன் மற்ற தனிமங்களைவிடப் பத்து இலட்சம் மடங்கு என்ற அளவில் நின்றது.

சூரியன் பூமியைப் போன்ற பொருள்களால் ஆனது என்பது அன்றைய நம்பிக்கை. வரைவைப் படித்த ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல், துறையில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லாத காலம் அது, இந்த முடிவு இருக்க முடியாதது என்று எழுதினார். பெய்ன் அட்டவணையை அப்படியே விட்டுவிட்டு, அந்த இரண்டு தனிமங்களுக்கும் கிடைத்த மிகுதி ஏறக்குறைய நிச்சயமாக உண்மையானதல்ல என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1929 இல், ரஸ்ஸலே வேறு வழியில் அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார். பெய்னின் ஆய்வேட்டையும் தம் கட்டுரையில் குறிப்பிட்டார்.

அந்த ஆய்வேட்டில் பொய்த்துப்போனது ஒரு வாக்கியம்தான். அது தேர்வாளர்களுக்காகவும் பெரியவர்களுக்காகவும் எழுதப்பட்டது. அட்டவணை பொய்க்கவில்லை. ஆய்வேடு என்பது பட்டம் வாங்குவதற்காக எழுதப்படுவது. அதிகாரம் உள்ள சிலரின் கண்ணுக்கு எதிரே எழுதப்படுவது. முன்னுரையிலும் முடிவுரையிலும் அந்தக் கண்களின் நிழல் அடர்த்தியாக விழும். நடுவில் உள்ள அட்டவணைகளுக்கும் கடைசியில் உள்ள பட்டியல்களுக்கும் வரும்போது நிழல் மெலிந்துவிடும், ஏனென்றால் அவ்வளவு தூரம் தேர்வாளர் படிப்பதில்லை. பழைய ஆய்வேட்டைப் படிக்கும்போது நான் இப்போது பின்னாலிருந்து முன்னோக்கித்தான் வருகிறேன். கலைத்துறைக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன், ஆனால் அங்கே அட்டவணை எது, பணிவுரை எது என்று பிரிப்பது கடினம்.

ஜனவரி 19. குறிப்பு 10

"பின்னிணைப்பே பெரிது என்றால் நீளமான ஆய்வேடுதான் நல்ல ஆய்வேடா?" என்று கிண்டல் வந்திருக்கிறது. இல்லை. அமெரிக்காவின் முதல் முனைவர் பட்டங்களை யேல் 1861 இல் மூவருக்கு வழங்கியது. அவர்களில் ஜேம்ஸ் விட்டன் என்பவரின் ஆய்வேடு "கலை நெடிது, வாழ்வு குறிது" என்னும் முதுமொழியைப் பற்றி இலத்தீனில் கையால் எழுதிய ஆறு பக்கம். வாழ்வு குறிது என்பதை மனிதர் மெய்யாகவே நம்பியிருக்கிறார். கணிதவியலாளர் ஜான் நாஷின் 1950 ஆம் ஆண்டு ஆய்வேடு முப்பது பக்கத்துக்கும் குறைவு. மேற்கோள் பட்டியலில் இரண்டே உருப்படிகள், அதில் ஒன்று அவருடையதே. மறுபக்கம் கணிதவியலாளர் எம்மி நோதர்: 1907 இல் எர்லாங்கனில் அளித்த ஆய்வேட்டில் 331 கோவைகளைக் கணக்கிட்டு வரிசையாக அடுக்கியிருந்தார். பிற்காலத்தில் அதைச் "சூத்திரப் புதர்" என்று அவரே இகழ்ந்தார். அவர் பெயரை நிலைநிறுத்திய வேலை எதுவும் அந்தப் புதரில் முளைக்கவில்லை. குறிப்பு 9 இல் நான் பட்டியல்களைப் போற்றியதற்கு இது நேர் எதிரான சான்று என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஜனவரி 22. குறிப்பு 11

வாய்மொழித் தேர்வைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இயற்பியலாளர் ஹைசன்பர்க் 1923 இல் மூனிக்கில் பாய்மச் சுழற்சி பற்றிய ஆய்வேட்டோடு தேர்வுக்குப் போனார். சோதனை இயற்பியலாளர் வில்ஹெல்ம் வீன் நுண்ணோக்கியின் பிரிதிறன் (நெருங்கிய இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் திறன்) பற்றிக் கேட்டார், விடை தெரியவில்லை. மின்கலம் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார், அதுவும் தெரியவில்லை. ஆசிரியர் சாமர்ஃபெல்டின் தயவில், தேர்ச்சிக்குப் போதுமான தரத்தோடு தப்பினார். நான்கு ஆண்டுகள் கழித்து நிச்சயமின்மைக் கோட்பாட்டை விளக்க அவர் எடுத்துக்கொண்ட கற்பனைச் சோதனை என்ன தெரியுமா? நுண்ணோக்கி. அதில் பிரிதிறனைச் சரியாகக் கையாளவில்லை என்று இயற்பியலாளர் நீல்ஸ் போர் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. தேர்வில் விட்ட கேள்வி விடாமல் துரத்தும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஜனவரி 23. குறிப்பு 12

விலகியது போதும், இனி அலமாரி.

கழிப்பதற்கு முன் மூன்று செய்திகளைப் பாருங்கள். தாவரவியல் ஆய்வேடு என்றால் ஆண்டு முக்கியம். தாவரப் பெயரிடல் நெறிப்படி, 1953 ஜனவரி 1 முதல் பட்டத்துக்கான ஆய்வேடு என்று குறிக்கப்பட்டு வந்த தனி வெளியீடு, தன்னை முறையான வெளியீடாகக் கருதுவதற்கான தெளிவான அறிகுறி எதுவும் அதற்குள் இல்லையென்றால், புதிய பெயர்களுக்கு வெளியீடாகக் கொள்ளப்படாது. அதற்கு முன் அச்சிட்டுப் பரப்பப்பட்டவற்றுக்கு இந்தத் தடை இல்லை. அப்படிப்பட்ட ஒன்று உங்களிடம் இருந்தால் அது ஒரு தாவரத்தின் பெயருக்கே பிறப்புச் சான்றாக இருக்கக்கூடும். இரண்டாவது, பழைய பிரெஞ்சு ஆய்வேடுகள் இணையாக வரும். முதன்மை ஆய்வேட்டோடு துணை ஆய்வேடு ஒன்றும் அளிக்க வேண்டும் என்பது அங்கே நெடுங்காலம் விதியாக இருந்தது. 1903 வரை துணை ஆய்வேடு இலத்தீனில் இருக்க வேண்டியிருந்தது. சமூகவியலாளர் துர்க்கைமின் சமூக உழைப்புப் பிரிவினை பற்றிய ஆய்வேட்டை எல்லோரும் அறிவர். மோன்டெஸ்கியூவைப் பற்றி அவர் இலத்தீனில் எழுதிய துணை ஆய்வேட்டை நூலகங்கள் வேறெங்கோ வைத்துவிடும். மெய்யியலாளர் ஃபூக்கோ 1961 இல் காண்ட்டைப் பற்றி எழுதிய துணை ஆய்வேடு 2008 இல்தான் நூலாயிற்று. ஒல்லியாக இருப்பதைப் பார்த்துத் துணையைக் கழித்துவிடாதீர்கள். மூன்றாவது, மைக்ரோபிலிம் இருக்கிறது என்பதால் தாளைக் கழிக்கலாம் என்று எண்ணாதீர்கள். பழைய அசிட்டேட் சுருளைத் திறக்கும்போது காடி வாடை அடித்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். படம் நன்றாகவே இருந்தாலும் எது தட்டச்சு, எது பேனா என்று கறுப்பு வெள்ளைப் பிலிமில் பிரித்தறிவது கடினம். அது ஏன் முக்கியம் என்பதை அடுத்த குறிப்பில் சொல்லியாக வேண்டும்.

ஜனவரி 26. குறிப்பு 13

குறிப்பு 3 இல் தள்ளிப்போட்டது.

அந்த முன்னோரின் ஆய்வேட்டில் ஒரு ஜூலை மாதத்து ஆழ வெப்பநிலை அட்டவணை இருந்தது. எட்டு மீட்டரில் 17.2, பத்து மீட்டரில் 16.1, பன்னிரண்டு மீட்டரில் 4.6, பதினான்கு மீட்டரில் 13.3. பன்னிரண்டு மீட்டரில் மட்டும் ஒரு குளிர் அடுக்கு. குளிர்ந்த நீர் கனமானது. கீழே வெதுவெதுப்பான நீர் இருக்க, அது நடுவில் மிதந்து நிற்க முடியாது. நானோ இளைஞன். முடியாததுதான் எனக்கு இனித்தது. பக்கச் சரிவில் நிலத்தடி ஊற்று ஒன்று ஓயாமல் குளிர்நீரைச் செலுத்துகிறது, அடியில் உள்ள நீர் உப்புச் செறிவால் கனமாக இருக்கிறது என்று நான்கு பக்கம் எழுதினேன். தேர்வாளர் ஒருவர் அந்தப் பகுதியைச் சுவையானது என்று பாராட்டினார்.

பதினோர் ஆண்டுகள் கழித்து, வேறொரு வேலையாகச் சென்ற நூலகத்தில் அதே ஆய்வேட்டின் முதல் நகல், கார்பன் அல்லாத தட்டச்சு நகல், என் கைக்கு வந்தது. பழக்கத்தால் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். 14.6 என்றிருந்தது. தட்டச்சர் விட்டுவிட்ட "1" ஐ ஆய்வாளர் நீல மையில் சிறிதாக எழுதிச் சேர்த்திருந்தார். முதல் நகலில் மட்டும். மற்ற நகல்களைத் திருத்த நேரம் இருந்திருக்காது, அல்லது நினைவு இருந்திருக்காது.

அந்தப் பிழைக்கு அவரைக் குறை சொல்லமாட்டேன். ஓர் எண் இயற்கைக்கு முரணாக இருந்தால் முதலில் தட்டச்சை ஐயுற வேண்டும், பிறகுதான் ஏரியை. நான் ஏரியை மாற்றினேன். குறிப்பு 9 இல் அட்டவணைகள் பொய்க்கா என்ற தொனியில் எழுதியபோது இந்தப் பக்கம்தான் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது. அட்டவணையும் பொய்க்கும். ஆனால் ஒப்பிட இன்னொரு நகல் இருந்தால் அகப்படும்.

என் ஆய்வேட்டில் அந்த நான்கு பக்கங்களின் எதிரே, எங்கள் துறை நகலில், பென்சிலால் திருத்தம் எழுதினேன். மற்ற மூன்று நகல்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியாது; அவற்றில் குளிர் அடுக்கு இன்னும் இருக்கிறது.

ஜனவரி 29. குறிப்பு 14

கணிதவியலாளர் காவுஸ் 1799 இல் ஹெல்ம்ஷ்டெட்டில் பெற்ற பட்டத்துக்கான ஆய்வேட்டில் இயற்கணிதத்தின் அடிப்படைத் தேற்றத்துக்கு நிறுவல் தந்தார். சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, பட்டத்தின் பொன்விழாவுக்கு, அதே தேற்றத்துக்கு நான்காவது நிறுவலோடு வந்தார். முதல் நிறுவலில் இருந்த ஓர் இடைவெளியை ஆஸ்ட்ரோவ்ஸ்கி அடைத்தது 1920 இல். பதினோர் ஆண்டுகளில் என் பிழை தெரியவந்ததை எண்ணி இப்போது அவ்வளவு வெட்கப்படவில்லை.

பிப்ரவரி 2. குறிப்பு 15

முதல் கேள்வியைக் கேட்டவர் பட்டியலோடு திரும்பியிருக்கிறார். துறை பார்த்துப் பிரிக்கவில்லையாம். ஒவ்வொரு கட்டையும் பின்னாலிருந்து திறந்து பார்த்தாராம். நான்கு ஆய்வேடுகளுக்கு இரண்டு நகல்கள் இருக்கின்றன, மிகையானதைக் கழிக்கலாமா என்று கேட்கிறார். கழிக்கும் முன் இரண்டையும் அருகருகே வைத்து அட்டவணைப் பக்கங்களை மட்டுமாவது ஒப்பிடுங்கள். பேனாத் திருத்தம் உள்ளதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் வெவ்வேறு திருத்தங்கள் இருந்தால் இரண்டையும் வையுங்கள். ஸ்கேன் எடுப்பதாக இருந்தால் வண்ணத்தில் எடுங்கள், நீல மை தெரிய வேண்டும்.

கழன்று விழுந்த ஒளிப்படங்களைப் பசை போட்டு ஒட்ட வேண்டாம். எந்தப் பக்கங்களுக்கு இடையில் கிடைத்தது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, படத்தோடு சேர்த்து அமிலமற்ற தாள் உறையில் இட்டு, கட்டின் கடைசி அட்டைக்குள் வையுங்கள். படத்தின் பின்புறத்தையும் பாருங்கள். தேதியை அங்கேதான் எழுதியிருப்பார்கள்.